ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ் செட் வாங்கலாமா?

ரிக் ரியோர்டன் எழுதுன அஞ்சு புக் சீரிஸ், 2010ல தி லாஸ்ட் ஹீரோ வந்துச்சு, 2014ல தி பிளட் ஆஃப் ஒலிம்பஸோட முடிச்சிட்டாரு. இதுக்கு முன்னாடி அவரே எழுதுன பெர்சி ஜாக்சன் சீரிஸ் அஞ்சையும் படிக்காம நேரா இதுல இறங்காதீங்க, பாதி புரியாது.

இதுல செம விஷயம் என்னன்னா கிரேக்க சாமியும் ரோமன் சாமியும் ஆளு ஒண்ணுதான், குணம் வேற. லாங் ஐலண்ட் கேம்ப்ல கிரேக்க சாமிகளுக்குப் பொறந்த பசங்க இஷ்டத்துக்கு திரியுறாங்க, சான் பிரான்சிஸ்கோ பக்கம் ரோமன் பசங்களோட கேம்ப் ஜூபிட்டர்ல செனட், கோஹார்ட் (படைப்பிரிவு), பிரேட்டர் (தலைவர்)னு அப்படியே ரோமப் பட்டாளம், ரெண்டு கூட்டத்துக்கும் ஆகவே ஆகாது, ஹீரா தேவி என்ன பண்றான்னா கிரேக்க கேம்ப் பெர்சி, ரோமன் கேம்ப் ஜேசன் ரெண்டு பேர் ஞாபகத்தையும் அழிச்சு கேம்ப மாத்தி விட்டுடுறா!

எனக்கு ரொம்ப புடிச்சது ரோமன் கேம்ப் பையன் ஃபிராங்க். ஒரு விறகுத் துண்டு முழுசா எரிஞ்சா அவன் உயிர் போயிடும், பழைய கிரேக்க மெலியாகர் கதைய அழகா எடுத்து வச்சிருக்காரு. கிரேக்க கேம்ப் பையன் லியோ ஜோக்கு சில எடத்துல ஓவர் (ஆனா அவன் இல்லேன்னா போரடிக்கும்).

பெஸ்ட்னா நாலாவது புக், தி ஹவுஸ் ஆஃப் ஹேடஸ். டார்டரஸ் (பாதாளத்தோட அடி ஆழம்) சாப்டர் எல்லாம் கீழ வைக்கவே முடியல, பாப்னு ஒரு டைட்டன் (பழைய தலைமுறைத் தெய்வம்) வர்றான், அழ வச்சிடுவான்.

கடைசி புக்தான் சொதப்பல். அஞ்சு புக்கா வில்லி கையா (பூமித் தாய்) வர்றா வர்றான்னு பில்டப் குடுத்துட்டு சண்டைய சட்டுனு முடிச்சிட்டாரு, பெர்சிக்கும் அவன் காதலி அனபெத்துக்கும் தனி சாப்டர் கூட இல்ல. பன்னெண்டு வயசுக்கு மேல உள்ள பசங்களுக்கு தாராளமா வாங்கிக் குடுக்கலாம்.