தீவுக்குப் போகாமல் தீவைப் பார்ப்பது: கோபர்னிக்கஸ் பிரவுசர் குறித்து ஒரு மதிப்புரை

தண்டையார்பேட்டையில் மாலை நேரங்களில் கல்லூரி மாணவர்களுக்குப் புவியியல் சொல்லித்தருகிறேன். சுற்றுலா சிறு தீவுகளை எப்படி மாற்றுகிறது என்ற பாடத்தைப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடத்துவதில் எனக்கு நிறைவு இருந்ததே இல்லை. வகுப்பையே மாலத்தீவுக்கு அழைத்துப் போக முடியாது என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் கோபர்னிக்கஸ் திட்டம் கட்டணமின்றி வழங்கும் கோபர்னிக்கஸ் பிரவுசர் என்ற, செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் இணையச் சேவையை இந்தப் பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தேன்.

இதில் நமக்கு முக்கியமாகப் பயன்படுபவை சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள். முதல் கோள் 2015 ஜூனிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் ஏவப்பட்டன; இவ்வகைக் கோள்கள் இரண்டு சேர்ந்து ஓர் இடத்தை ஐந்து நாட்களுக்கு ஒருமுறை படமெடுக்கும். ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது நம் பக்கத்துக் கணக்கில் அரை கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவு. இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால் இச்சேவை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதில் பாதி விளங்கிவிடும்.

தீவுகளுக்குப் போகும் முன் எண்ணூரைத் திறக்கச் சொன்னேன். கால் பட்ட இடத்தைப் படத்தில் அடையாளம் காணத் தெரியாதவர், கண்ணால் காணாத தீவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்து மணல் திட்டு, அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம், கரையோரமாகச் சீப்புப் பல் போல நீளும் தூண்டில் வளைவுகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. காசிமேட்டுப் படகுகள் மட்டும் ஒன்றோடொன்று கலந்து வெள்ளைத் தீற்றலாகிவிட்டன. துறைமுகச் சுவர் மணலின் வடக்கு நோக்கிய ஓட்டத்தைத் தடுத்ததால் மெரினா அகன்றதும், ராயபுரத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டதும் எங்கள் மாணவர்களுக்கு வீட்டுக் கதை. ஆகவே, மாலத்தீவின் விடுதித் தீவுகளில் படகுத்துறையும் கற்சுவரும் கட்டினால் மணல் எங்கே தேங்கும், எங்கே கரை குறையும் என்று அவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாலத்தீவுப் படங்கள்தான் இந்தச் சேவையின் சிறப்பு. பவளத்திட்டின் நீலப்பச்சை நீர்மேல் வரிசையாக நிற்கும் நீர்விடுதிகள் மணி கோத்த நூல் போலத் தெரிகின்றன. 1992 முதல் குப்பையைக் கொட்டித் தூர்த்து உருவாக்கப்பட்ட திலாஃபுஷி தீவின் நேர்கோட்டுக் கரையை, அருகிலுள்ள இயற்கைத் தீவின் வளைந்த கரையோடு ஒப்பிட்டால் மனிதக் கைவேலை எது என்று கேட்கவே வேண்டாம். இரண்டு தேதிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுக்கோட்டை இழுத்து ஒப்பிடும் வசதியும், பரப்பை அளக்கும் கருவியும் இங்கே மிகவும் உதவின.

ஆனால் அந்த ஒப்பிடும் வசதியை நம்பித்தான் நான் தவறிழைத்தேன். ஒரு விடுதித் தீவின் ஜனவரிப் படத்தையும் ஆகஸ்ட் படத்தையும் அடுத்தடுத்து வைத்து, மேற்குக் கடற்கரை சுற்றுலாக் கட்டுமானத்தால் அழிந்துவிட்டது என்று கரும்பலகையில் எழுதியும் விட்டேன். பின்வரிசையிலிருந்த காசிமேட்டு மாணவன் எழுந்து, "சார், காத்து திரும்புச்சுன்னா மணலும் திரும்பும், நீங்க அடுத்த ஜனவரிய பாருங்க" என்றான். பார்த்தோம், மணல் திரும்பி வந்திருந்தது. பருவக்காற்று மாறும்போதெல்லாம் மாலத்தீவின் சிறு தீவுகளில் மணல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம்பெயர்வது இயல்பு. ஒரே மாதத்தை ஆண்டுதோறும் ஒப்பிட்ட பிறகும் குறைந்துகொண்டே போகும் கரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் 10 மீட்டருக்கு உட்பட்ட மாற்றத்தை இதில் அளந்ததாகச் சொல்வது நேர்மையாகாது. ஓதம் ஏறியிறங்கும் வேறுபாடே ஒரு பிக்சலைத் தின்றுவிடும்.

பிலிப்பைன்ஸின் போராகாய் தீவு இன்னும் கடினமான சோதனை. கழிவுநீர் கடலில் கலந்ததால் 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் அத்தீவு சுற்றுலாவுக்கு மூடப்பட்டது. கரையிலிருந்து 30 மீட்டருக்குள் இருந்த கட்டடங்களையும் அகற்ற உத்தரவாயிற்று. 30 மீட்டர் என்றால் மூன்றே பிக்சல். அதில் ஒன்று மணலும் நீரும் கலந்தது, மற்றொன்று தென்னையும் கூரையும் கலந்தது. எந்தக் கட்டடம் போயிற்று என்று எங்களால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. தீவை மூடக் காரணமான கழிவுநீர்க் குழாய்கள் எந்தப் படத்திலும் இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தாவரக் குறியீட்டு அடுக்கு, அண்மை அகச்சிவப்பு ஒளிக்கும் சிவப்பு ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, செடிகொடிகள் எவ்வளவு செழிப்பாக உள்ளன என்று காட்டுகிறது. காடு வெட்டப்பட்ட இடம் உடனே பளிச்சிடும். ஆனால் தாழையை அழித்துப் புல்தரை போட்டால் அதுவும் பச்சைதான்.

மற்றபடி, படங்களை உலாவிப் பார்க்கக் கணக்குத் தேவையில்லை; முழுத் தரவை இறக்கிக்கொள்ள இலவசக் கணக்கு தொடங்க வேண்டும். தமிழ் இடைமுகம் கிடையாது. கைப்பேசியில் பார்ப்பதைவிட மடிக்கணினியில் பார்ப்பதே கண்ணுக்கு நல்லது. மேக அளவைக் குறைத்துத் தேடினாலும் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நல்ல படம் அகப்படாது. 2015க்கு முந்தைய நிலையை அறிய அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்களுக்குத்தான் போக வேண்டும். முதல் லேண்ட்சாட் விண்ணுக்குப் போனதும் மாலத்தீவின் முதல் சுற்றுலா விடுதி திறக்கப்பட்டதும் ஒரே ஆண்டில், 1972இல். எனினும் 1980களில் வந்த லேண்ட்சாட் படங்களிலேயே ஒரு பிக்சல் 30 மீட்டர் என்பதால், சிறு தீவு அதில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில கட்டங்களாகச் சுருங்கிவிடும்.

கட்டணம் ஏதுமின்றி இவ்வளவு கிடைப்பதால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். அடுத்த பருவத்திலும் இதையே பயன்படுத்தப் போகிறோம். இப்போது மாணவர்கள் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மாதத்தைத்தான் முதலில் குறிக்கிறார்கள், ஆண்டை அதற்குப் பிறகு.