31 அங்குல டயர் மாட்டிய பிறகு: கிரவுன் பினியனா, டிரான்ஸ்ஃபர் கேஸ் கியரா?

சுசூகியின் 1.3 லிட்டர் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பான எஸ்.ஜே.413 ஓர் ஊரில் சாமுராய், இன்னோர் ஊரில் ஜிப்சி. பெயர் எதுவானாலும், 31 அங்குல டயர் ஏறியதும் நோய் ஒன்றுதான். ஐந்தாவது கியர் பேருக்கு இருக்கும். சின்ன மேட்டுக்கே மூன்றாவதுக்கு இறங்க வேண்டிவரும். லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) பாறை ஏறும்போது கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டுவோம், அது கருகும் வாசனையும் வரும்.

கணக்கு எளிது. பழைய 205/70 ஆர்15 டயரின் உயரம் 668 மி.மீ., புதியது 787. சக்கரம் 18 சதவீதம் பெரிதானால், அதே கியரில் இழுவை 15 சதவீதம் போய்விடும். இன்ஜினோ சின்னது, சுழல் ஏறினால்தான் மூச்சு விடும். போன இழுவையைக் கியரில்தான் மீட்க வேண்டும். அதற்கு இறக்குமதிப் பொருட்களில் மூன்று வழி உண்டு: முன்பின் இரண்டு ஆக்சிலுக்கும் 5.125 விகிதக் கிரவுன் பினியன் (டிஃபரென்ஷியலுக்குள் சக்கரங்களைச் சுற்றும் கடைசிக் கியர் ஜோடி), பழைய எஸ்.ஜே.410-இன் முழு டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்பின் ஆக்சிலுக்குப் பிரித்து, ஹை, லோ ரேஞ்சை மாற்றும் பெட்டி), அல்லது உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே போட்டு லோ விகிதத்தை 4.16 ஆக்கும் கியர் கிட்.

விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் உங்கள் ஆக்சிலில் இருப்பது எது என்று பாருங்கள். சந்தைக்குச் சந்தை விகிதம் மாறியிருக்கிறது, இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியும் இருக்கலாம். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் 3.727. 37-க்கு 9 என்றால் 4.111. 41-க்கு 8 என்றால் 5.125. கீழே உள்ள கணக்கெல்லாம் 3.727 ஆக்சில், 3.652 முதல் கியர், 0.795 ஐந்தாவது கியர், 31 அங்குல டயர் (பளுவில் சுமார் 3 சதவீதம் நசுங்குவதைக் கழித்து) என்று வைத்துப் போட்டது.

| அமைப்பு | முதல் கியர், லோ: மொத்த விகிதம் | 800 ஆர்.பி.எம். ஐடிலில் வேகம் | ஐந்தாவதில் 80 கி.மீ. வேகத்தில் |
|---|---|---|---|
| எதையும் மாற்றாமல் | 30.9 | 3.7 கி.மீ. | 2320 ஆர்.பி.எம். |
| எஸ்.ஜே.410 டிரான்ஸ்ஃபர் கேஸ் | 34.2 | 3.4 கி.மீ. | 2600 |
| 5.125 கிரவுன் பினியன் | 42.4 | 2.7 கி.மீ. | 3190 |
| 4.16 கிட் | 56.6 | 2.0 கி.மீ. | 2600 |

பழைய டயரில் இதே வண்டி 80 கி.மீ. வேகத்தில் சுமார் 2730-இல் ஓடியது. அட்டவணையின் கடைசி நெடுவரிசையை அதோடு ஒப்பிட்டால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். 5.125 போட்டால் போன இழுவை திரும்புவதோடு நிற்காது, கியர் தேவைக்கு மேல் 17 சதவீதம் தாழ்ந்துவிடும். நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறும். 4.16 கிட்டோ ஹை ரேஞ்சையும் 12 சதவீதம் அளவுக்குக் குறைப்பதால், சாலை ஓட்டம் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. லோ ரேஞ்சில் கிட்டத்தட்ட இரட்டிப்பு இழுவை. ஒரே பெட்டியைத் திறந்து இரண்டு வேலை. 31 அங்குல டயருக்கு முதல் காசை இதில்தான் போடவேண்டும் என்பதே இந்த அலசலின் தீர்ப்பு. மற்ற இரண்டுக்கும் இடமே இல்லை என்பதல்ல.

எஸ்.ஜே.410 டிரான்ஸ்ஃபர் கேஸை முதலில் முடித்துவிடலாம். அதன் விகிதம் ஹையில் 1.580, லோவில் 2.511. எஸ்.ஜே.413-இல் 1.409, 2.268. சாலை இழுவை பெரும்பாலும் திரும்பிவிடும், மண்சாலைக்குப் போதும். பாறைக்கு 34 என்ற விகிதம் போதாது. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் மலிவான வழி. ஆனால் பல எஸ்.ஜே.410 பெட்டிகளில் பின் அவுட்புட்டிலேயே ஹேண்ட்பிரேக் டிரம் தொங்கும், ஃபிளாஞ்ச் (ஷாஃப்டை மாட்டும் வட்டத் தகடு) துளைகளும் மவுண்ட் கைகளும் பொருந்தாமல் போகலாம். கப்பலேறி வருவதற்கு முன் ஃபிளாஞ்சின் துளை இடைவெளியை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பிறகு லேத் பட்டறைக்கு அலைவார்கள்.

கிரவுன் பினியன் வேலையில் பொருளைவிடக் கைத்திறனுக்குத்தான் செலவு. இந்த வண்டியில் சென்டர் டிஃபரென்ஷியல் (முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பாகம்) கிடையாது. ஆகவே முன்னும் பின்னும் ஒரே விகிதம் கட்டாயம், பின்னை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் ஏதாவது ஒன்று முறியும். டிஃபரென்ஷியல் தொகுதி ஹவுசிங்கிலிருந்து மொத்தமாகக் கழன்று வருவது வசதிதான். ஆனால் அதற்கு முன் நான்கு பக்கமும் ஆக்சில் ஷாஃப்டை உருவியாக வேண்டும். பின்னால் பிரேக் பைப்பைக் கழற்றி பேக்கிங் பிளேட்டின் போல்ட்டுகளை எடுத்தால் போதும். முன்னால் ஹப், ஸ்பிண்டில், பர்ஃபீல்டு ஜாயிண்ட் (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) வரை எல்லாம் வெளியே வரும். கழற்றிய கையோடு ஆயில் சீலையும் நக்கிள் சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துச் செய்யப்படுபவை. இரண்டிலும் பொறித்த எண் ஒன்றாக இல்லாவிட்டால் வந்த பெட்டியை அப்படியே மூடித் திருப்பி அனுப்புங்கள். பொருத்தும்போது பினியன் ஆழத்தை ஷிம் (மெல்லிய இடைத்தகடு) தீர்மானிக்கிறது. கிரவுன் பல் நாலைந்தில் மார்க்கிங் பேஸ்டைத் தடவி, கிரவுனைக் கையால் லேசாகத் தடுத்தபடி பினியனைச் சுற்றுங்கள். தடம் பல்லின் நுனி விளிம்பில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, ஷிம்மைக் கூட்டவேண்டும். அடிப்பள்ளத்தில் விழுந்தால் நெருங்கிவிட்டது, குறைக்கவேண்டும். தடம் நீள்வட்டமாகப் பல்லின் உயரத்தில் நடுவே உட்காரும்வரை கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். அதன் பிறகு பக்க அட்ஜஸ்டர் நட்டுகளால் பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி), பெரும்பாலும் 0.13 முதல் 0.18 மி.மீ. டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஊளைச் சத்தத்தோடு திரும்பும் டிஃபரென்ஷியல்களில் பெரும்பகுதி இப்படிச் செட் செய்தவைதான்.

பினியன் நட்டை இறுக்கும்போது உள்ளே உள்ள நசுங்கும் ஸ்பேசர் அளவு தாண்டி நசுங்கினால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது ஸ்பேசர்தான். ஆகவே ஒவ்வொரு ஆக்சிலுக்கும் ஒன்று உபரியாக ஆர்டர் செய்துகொள்ளுங்கள். சில கிட்டில் கியர் மட்டுமே வரும். பேரிங், சீல், ஸ்பேசர், ஷிம் உண்டா என்று கேட்காமல் பணம் கட்டினால், வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்க நீங்கள் அடுத்த பார்சலுக்குக் காத்திருப்பீர்கள். ஸ்பிளைன் (ஷாஃப்டில் நீளவாட்டில் வெட்டிய பல்) எண்ணிக்கையும் முக்கியம். பழைய, புதிய ஆக்சில்கள் பார்க்க ஒன்று போலவே இருக்கும், பல் மட்டும் சேராது.

5.125-க்கு ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு ஓரவஞ்சனை ஆகிவிடும். சுழற்சி வேகம் ஆக்சிலுக்குள் குறைவதால் ப்ராபெல்லர் ஷாஃப்டுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்டுக்கும் கூடுதல் முறுக்கு வராது. டிரான்ஸ்ஃபர் கேஸில் குறைத்தால் அங்கிருந்து சக்கரம் வரை எல்லாப் பாகமும் கூடுதல் பளுவைத் தாங்கவேண்டும். ஆனால் 5.125 பினியனில் எட்டே பல், சின்னத் தலை. முறுக்கைத் தாங்குவதில் 11 பல் பினியனைவிட அது பலவீனம்தான். டயர் 33 அங்குலத்துக்குப் போனால் கணக்கு மாறும். அப்போது கிட்டையும் 4.111 ஆக்சிலையும் சேர்த்துப் போடுவது அழகான கூட்டணி.

ஸ்பீடோமீட்டர் விஷயத்திலும் வித்தியாசம் இருக்கிறது. அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸின் அவுட்புட்டிலிருந்து ஓடுகிறது. 4.16 கிட் போட்டாலும் முள் மாறாது, டயரால் வந்த பிழை மட்டும் தொடரும், அதாவது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். 5.125 போட்டால் தலைகீழாக 17 சதவீதம் கூட்டிக் காட்டும்.

இனி கிட் வேலை. ஆயிலை வடித்துவிட்டு, மூன்று ஷாஃப்டின் ஃபிளாஞ்சுகளிலும் குறியிடுங்கள்: கியர் பாக்ஸிலிருந்து வரும் குட்டை ஷாஃப்ட், முன், பின். அதே திசையில் திரும்ப மாட்டாவிட்டால் அதிர்வு வரும். ஸ்பீடோ கேபிள், ஃபோர் வீல் விளக்கின் ஒயர், லீவர் கழற்றி, அடியில் ஜாக் கொடுத்து மூன்று ரப்பர் மவுண்டையும் எடுத்தால் பெட்டி இறங்கிவிடும். ஷிஃப்ட் ராடின் குண்டும் ஸ்பிரிங்கும் திறக்கும்போது துள்ளும், காந்தத் தட்டுக்கு மேல் வைத்துத் திறங்கள். லோவிலிருந்து தானாகக் கழன்றுகொள்ளும் பெட்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சோர்ந்த இந்த ஸ்பிரிங்கையும் தேய்ந்த ஃபோர்க்கையும். கவுண்டர் ஷாஃப்டின் ஊசி பேரிங், த்ரஸ்ட் வாஷர், ஓ-ரிங், எல்லா ஆயில் சீலும் புதிதாகவே போகட்டும். சில கிட்டின் பெரிய கியர் உறையின் உள்சுவரில் உரசும், அந்த இடத்தைக் கொஞ்சம் அரைத்து, அலுமினியத் தூள் ஒரு பொட்டு இல்லாமல் கழுவவேண்டும். மூடுவதற்கு முன் ஷாஃப்டைக் கையால் முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் போல்ட்டை இறுக்கிச் சரியாக்க முயலாதீர்கள், திறந்து பாருங்கள்.

இதில் பலர் விட்டுவிடுவது மவுண்ட். இந்தப் பெட்டி கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகச் சேஸியில் தொங்குகிறது. லோவில் முறுக்கு இரட்டிப்பானால் பெட்டியே திரும்பப் பார்க்கும். பழைய ரப்பர் கிழியும், அடுத்துக் கை முறியும், குட்டை ஷாஃப்டின் கோணம் மாறி வண்டி உதறும். கிட்டோடு வலுவான மவுண்டும் வாங்கவேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். அதேபோல் முன் சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்து, முதல் லோவில் ஆக்சிலரேட்டரை மிதிப்பவருக்கு பர்ஃபீல்டு ஜாயிண்ட் வெகுநாள் வராது.

ஆயில்: டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8 லிட்டர், முன் டிஃபரென்ஷியலுக்கு 2 லிட்டர், பின்னுக்கு 1.5. டிஃபரென்ஷியலில் ஜி.எல்.5 தரத்து 80டபிள்யூ-90 ஹைப்பாய்டு ஆயில். புது கிரவுன் பினியன் போட்டவர்கள் முதலில் 20, 30 கி.மீ. மெதுவாக ஓட்டி நன்றாக ஆறவிட்டு, இப்படி நாலைந்து முறை செய்தபின்தான் பளு ஏற்றவேண்டும். 800 கி.மீ. ஆனதும் அந்த ஆயிலை வடித்து, வடிகால் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் பல் படிகிறது என்று அர்த்தம். விரலில் நெருடும் சில்லு கிடைத்தால் அன்றைக்கே டிஃபரென்ஷியலைக் கழற்றுங்கள். கிட் போட்டவர்கள் அதே நாளில் மூன்று மவுண்ட் போல்ட்டுகளுக்கும் ஒரு முறை ஸ்பேனர் வைத்துவிடலாம்.