ஏற்காடு ஜீப்புக்குப் படுதாவா, ஹார்ட் டாப்பா? 16 வருட அனுபவம்

புது மகிந்திரா தார் ஜீப் வாங்குகிறவர்களும் சரி, பழைய ஜீப்பைத் தேடிப் பிடித்துச் சரிசெய்கிறவர்களும் சரி, என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, படுதா போடட்டுமா, ஹார்ட் டாப் போடட்டுமா?" படுதா என்றால் துணியிலோ ரெக்சினிலோ தைத்த கூரை, ஹார்ட் டாப் என்றால் ஃபைபரிலோ தகரத்திலோ செய்த கெட்டிக் கூரை. ஒரே வண்டியில் இரண்டையும் வருடக்கணக்கில் வைத்து ஓட்டியவன் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் வண்டி 1994 மாடல் மகிந்திரா எம்.எம். 540. பெஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி. 2009-இல் ஒரு காபித் தோட்டத்துக்காரரிடமிருந்து வாங்கினேன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். எங்கள் சின்னத் தோட்டம் ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம். வாரத்துக்கு இரண்டு முறையாவது கோரிமேடு வழியாக அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குவேன். சித்திரை மதியம் சேலத்தில் 40 டிகிரி வெயிலில் நிற்கிற வண்டி, அன்று சாயங்காலமே 1,500 மீட்டர் உயரத்தில் இடிமழையில் நனைந்துகொண்டிருக்கும். கூரையைப் பொறுத்தவரை இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது என்றே நினைக்கிறேன்.

முதல் ஐந்து வருடம் ரெக்சின் படுதாதான். வாங்கும்போது இருந்த துணி கிழிந்து தொங்கியதால், சேலத்தில் சீட் கவர் தைக்கிற ஒரு பாயிடம் புதிதாகத் தைத்தேன். ஏப்ரல் மாதம். வண்டியை மதியம் வரை வெயிலில் நிறுத்தச் சொன்னார். "சூடு ஏறினாத்தான் தம்பி ரெக்சின் இழுபடும். இப்ப இழுத்து மாட்டிட்டா சுருக்கம் விழாது" என்றார். சொன்னபடியே முரசுத் தோல் மாதிரி விறைப்பாக மாட்டிக் கொடுத்தார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் டிசம்பரில் தோட்டத்தில் இரவு தங்கிவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், பின்பக்கத் திரையை மூடவே முடியவில்லை. டிச் பட்டனுக்கும் அதன் குமிழுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி. குளிரில் ரெக்சின் சுருங்கி விறைத்துப்போயிருந்தது. பலத்தைக் காட்டி இழுத்ததில் ஒரு பட்டன் துணியோடு பிய்ந்து கையில் வந்தது. மலைக்குப் போகிற வண்டிக்கு ரெக்சின் படுதா தைத்தால், கீழ் ஓரத்திலும் பின் திரையிலும் கொஞ்சம் துணி கூடுதலாக விடச் சொல்லுங்கள். வெயில் நாளில் லேசாகத் தொய்ந்து தெரிந்தாலும் பரவாயில்லை.

பக்கவாட்டில் வருகிற பிளாஸ்டிக் கண்ணாடியும் அப்படித்தான். இரண்டு வருடத்தில் மஞ்சளாகி, மூன்றாம் வருடம் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. குளிர் நேரத்தில் அதைச் சுருட்டவே கூடாது, மடிப்பில் விரிசல் விடும். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மேலிருந்து பஸ் இறங்குகிறதா என்று பக்கவாட்டில் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே மங்கின பிளாஸ்டிக் இருந்தால் கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டுவது போலத்தான். அதை மாற்றுவதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

படுதாவில் நான் பட்ட பெரிய கஷ்டம் மழையில்லை, புகை. அம்மாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் பத்தாவது வளைவுக்குள் தலைசுற்றல் வந்துவிடும். மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்து உட்காரவைப்போம். இரண்டு வருடம் இப்படியே போனது. ஒருநாள் நானே பின்சீட்டில் உட்கார்ந்து போனபோதுதான் விஷயம் புரிந்தது. காற்று வரட்டும் என்று பின் திரையை மட்டும் சுருட்டிவிட்டு, பக்கத் திரைகளை மூடி வைத்திருந்தோம். வண்டி முன்னே போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சைலன்சர் விடுகிற டீசல் புகை அங்கே சுழன்று, திறந்த பின்பக்கம் வழியாக உள்ளே ஏறுகிறது. முழு ஏற்றத்தையும் அம்மா அந்தப் புகையைக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறார். அதற்கப்புறம் திறந்தால் பக்கமும் பின்னுமாக எல்லாவற்றையும் திறப்பது, இல்லாவிட்டால் பின்பக்கத்தை மூடிவிட்டு முன்பக்கம் திறப்பது என்று வைத்துக்கொண்டோம். அம்மாவுக்குத் தலைசுற்றல் நின்றுபோனது. குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

2013 கடைசியில் ஒரு காலைப்பொழுது அந்த ரெக்சினின் கதை முடிந்தது. ஏரிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கப் போனேன். உள்ளே ஒரு கூடை கமலா ஆரஞ்சு. திரும்பி வரும்போது கூரையில் முழ நீளத்துக்குக் கிழிசல், அதன் வழியாக ஒரு குரங்கு தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரமே ஹார்ட் டாப் என்று முடிவு செய்துவிட்டேன்.

சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் ஃபைபர் டாப் செய்தேன். அப்போது எனக்கு ஆன செலவு 48,000 ரூபாய். தகரத்திலும் செய்து தருவார்கள், கனம் அதிகம், ஓரத்தில் துரு பிடிக்கும். பட்டறைக்குப் போவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தில் பாடி எந்த வகை என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள். அதில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. வேலையெல்லாம் முடித்துவிட்டு எஃப்.சி.க்குப் போய் நிற்காதீர்கள்.

ஹார்ட் டாப் வந்ததும் மனசுக்கு நிம்மதி. கதவைப் பூட்டிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். கார்த்திகை மழையில் காபி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஒரு சொட்டு உள்ளே வராது. காய்ந்த காபிக்கொட்டையில் ஈரம் பட்டால் பூசணம்தான், விலையும் போய்விடும். அதனால் எனக்கு இது பெரிய விஷயம். பின்பக்கம் நிஜக் கண்ணாடி, தெளிவாகத் தெரிந்தது.

சரி, அப்புறம் ஏன் கழற்றினேன்?

முதலில் வேர்வை. மூடுபனி இறங்கின காலையில் நாலு பேர் உள்ளே உட்கார்ந்தால், மூச்சின் ஈரம் குளிர்ந்த ஃபைபரில் பட்டுத் துளித்துளியாகத் தலையில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே மேலே சிலிக்கான் பூசினேன், நிற்கவில்லை. தண்ணீர் வெளியிலிருந்து வரவே இல்லையே. உள்பக்கம் முழுக்க ஃபோம் ஒட்டி அதன்மேல் துணி போர்த்தின பிறகுதான் சொட்டுவது நின்றது, கடகட சத்தமும் பாதியானது. ஹார்ட் டாப் செய்கிறவர்கள் ஃபோமையும் சேர்த்தே செய்துவிடுங்கள். சேலம் வெயிலுக்கும் அது உதவும், ஆனாலும் ஏ.சி. இல்லாத வண்டியில் மே மாதம் ஐந்து ரோட்டில் சிக்னலுக்கு நிற்பது வேதனைதான். போல்ட் போடுகிற இடங்களில் ஃபைபரில் மயிரிழை விரிசல் வரும். அங்கே ரப்பர் வாஷர் போடாமல் முடுக்கக் கூடாது.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எனக்குப் பொறுக்காமல் போனது காது அடைபட்டது. ஐப்பசியில் பனிமூட்டம் இறங்கினால் மலைப்பாதையில் பத்தடிக்கு மேல் தெரியாது. அப்போது நாங்கள் காதால்தான் ஓட்டுவோம். மேலே எங்கோ லாரி கியர் குறைக்கிற முனகல், பஸ்ஸின் ஏர் ஹார்ன், எதிரில் டயர் ஈரத்தில் உரசுகிற சத்தம் எல்லாம் படுதா வண்டியில் துல்லியமாகக் கேட்கும். எந்த வளைவில், எத்தனை தூரத்தில் என்றுகூடப் பழகினவர்களுக்குத் தெரியும். ஹார்ட் டாப்புக்குள் எஞ்சின் சத்தம் மட்டுமே நிறைந்திருக்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரிந்தால்தானே? 2018-இல் ஒரு மாலை, ஒரு பஸ் வளைவில் என் முகத்துக்கு நேராக வந்து நின்ற பிறகுதான் அதன் ஹார்னையே கேட்டேன். அன்றிலிருந்து பனிக்காலத்தில் கண்ணாடியை இறக்கியே ஓட்டினேன். கண்ணாடியை இறக்கி, மழையில் தோள் நனைய ஓட்டுவதற்கு எதற்கு ஹார்ட் டாப் என்று தோன்றத் தொடங்கியது.

2019-இல் தோட்டத்தில் வண்டிக்கென்று ஒரு கொட்டகை போட்டேன். அதுதான் இந்தக் கேள்விக்கே விடையாக அமைந்தது. முதல் ஐந்து வருடத்தையும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். என் ரெக்சின் படுதா ஓடும்போது கெட்டதே இல்லை. நிற்கும்போதுதான் கெட்டது. வெயிலில் நின்று வெடித்தது, ஈரத்தோடு நின்று பூசணம் பிடித்தது, ஏரிக்கரையில் நின்று கிழிபட்டது. வீட்டிலும் தோட்டத்திலும் கூரைக்குக் கீழே வண்டி நிற்குமானால் படுதா போடுங்கள். இரவு பகல் வெட்டவெளியில் நிற்கிற வண்டி என்றால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஹார்ட் டாப் போடுங்கள். ஓடுகிற பாதையை வைத்து இதை முடிவு செய்ய வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

கொட்டகை வந்ததும் அதே பாயிடம் போனேன். இந்த முறை ரெக்சின் வேண்டாம், பருத்திக் கித்தான், லாரித் தார்ப்பாய் மாதிரி மெழுகு ஏற்றினது. நனைந்தால் பருத்தி நூல் ஊறிப் பருக்கும், ஊசித் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் தையல் வழியே ஒழுகுவது மிகவும் குறைவு. முதல் மழையில் கொஞ்சம் கசிந்தது, பயந்துவிட்டேன். "ரெண்டு மூணு மழை குடிக்கட்டும் தம்பி" என்றார். குடித்தது, நின்றது. தையலின் மடிப்பை ஓட்டு வீட்டில் ஓடு அடுக்குகிற மாதிரி, மேல் துணி கீழ் துணியின்மேல் இறங்கும்படி வைத்திருந்தார். மாறி வைத்தால் தண்ணீர் மடிப்புக்குள்ளேயே தங்கிவிடும். ஆறு வருடமாகிறது, இன்னும் அதே துணிதான். குளிரில் விறைப்பதில்லை. கனம் கொஞ்சம் கூடுதல், நனைந்தால் இன்னும் கூடுதல். சோப்புப் பொடி போட்டுத் தேய்த்தால் மெழுகு போய்விடும், வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஈரத்தோடு மடிக்கவே கூடாது.

ஃபைபர் டாப்பை விற்கவில்லை. கொட்டகையின் உத்தரத்தில் கயிறும் கப்பியும் போட்டுத் தூக்கிக் கட்டியிருக்கிறேன். கழற்ற நாலு பேர் வேண்டும், முக்கால் மணி நேரமாகும். அதைத் தரையில் ஒருக்களித்துச் சாய்த்து வைத்தால் நாளடைவில் கோணிப்போய், அப்புறம் கதவோடு பொருந்தாது. காபி அறுவடை மழையில் சிக்கினால் மட்டும் இறக்கி மாட்டுகிறோம்.

பழைய ரோட்ஸ்டர் (கூரை திறக்கிற இரண்டு சீட்) கார் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கச் செய்வதும் இதுதான், குளிருக்கு ஹார்ட் டாப், கோடைக்குத் துணி. 1963-இல் வந்த மெர்சிடிஸ் 230 எஸ்.எல். காருக்கு அந்தக் கழற்றி மாட்டுகிற ஹார்ட் டாப்பால்தான் 'பகோடா' என்று பேரே வந்தது. கூரையின் நடுப்பகுதி உள்வாங்கி, ஓரங்கள் உயர்ந்திருக்கும். ஏற்காட்டில் பகோடா பாயின்ட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கார் எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கார்களின் கணக்கு வேறு. கூரையை வெட்டிவிட்டால் மோனோகாக் பாடி (தனி அடிச்சட்டம் இல்லாதது) சற்று நெளியும், மேடு பள்ளத்தில் டேஷ்போர்டு நடுங்கும். ஹார்ட் டாப்பைப் பூட்டினால் அந்த நடுக்கம் குறையும். ஜீப்புக்குச் சேஸியே தனி, அந்த லாபம் நமக்கு இல்லை. இன்னொன்று, அந்தக் கார்களில் துணிக்கூரை மடிந்து உள்ளேயே கிடக்கும். மாதக்கணக்கில் அப்படி விட்டால் மடிப்பில் பிளாஸ்டிக் ஜன்னல் வெடிக்கும், நடுவில் ஒரு துண்டு வைத்து மடிக்க வேண்டும். 2020-இல் வந்த புதுத் தாரில் மடக்குப் படுதா வாங்கியவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஹார்ட் டாப் என்றால் வண்டி உருண்டாலும் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். ஃபைபர் மூடி ஒரு ஜீப்பின் எடையைத் தாங்காது. அதைத் தாங்குவது சேஸியோடு சேர்த்துப் பிணைத்த ரோல் கேஜ் என்கிற இரும்புக் குழாய்க் கூண்டு மட்டும்தான். நான் ஹார்ட் டாப்புக்கு முன்பே அதைப் போட்டுவிட்டேன், படுதாவுக்குக் கீழேயும் அது இருக்கிறது. சீட் பெல்ட்டும் கட்டாமல் மலை ஏறுவதில்லை.

இந்த வருடம் கித்தானுக்கு மறுபடி மெழுகு ஏற்ற வேண்டும். முன் கண்ணாடிச் சட்டத்தில் துணி சொருகுகிற பள்ளத்தில், டிரைவர் பக்க மூலையில் மட்டும் லேசாகக் கசிகிறது. எந்தப் படுதா வண்டியானாலும் முதலில் ஒழுகுகிற இடம் அதுதான். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் அந்த மூலைக்குக் கீழே காலடி விரிப்பைத் தூக்கித் தகரத்தில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தை பிறந்து வெயில் வந்ததும் பாயிடம் கொண்டு போவதாக இருக்கிறேன். அதுவரைக்கும் அந்த மூலையில் ஒரு பழைய பனியன் துணி.