ரஸ்டிக் டெக்ஸ்சர் பூச்சு: பழைய வெளிச்சுவருக்குச் சரிப்படுமா?

மொட்டையாக நிற்கும் பழைய சுவரை எடுப்பாகக் காட்ட, பக்கெட்டில் கலந்தே வரும் அக்ரிலிக் ரஸ்டிக் டெக்ஸ்சரை (மணல் கலந்த, கோடு கோடாகத் தெரியும் கெட்டிப் பூச்சு) தாராளமாகப் பரிந்துரைக்கலாம். கல் பதிப்பதைவிட எடை மிகக் குறைவு, சுவரைக் கொத்த வேண்டியதில்லை, பழைய பூச்சிலுள்ள சின்ன மேடுபள்ளங்களும் மறைந்துவிடும். ஆனால் சுவர் காய்ந்திருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

ஒன்றரை அடி சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பக்கெட்டைத் திறக்காதீர்கள். ஓதம் ஏறும் சுவரிலும் உப்பு பூத்த சுவரிலும் இந்தப் பூச்சு கொப்பளித்து, பாளம் பாளமாகக் கழன்றுவிடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடு என்றால் இது வேண்டவே வேண்டாம். அந்தச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட்டுத்தான் உலர்கிறது. அக்ரிலிக் அந்த வழியை அடைத்துவிடும். அங்கே சுண்ணாம்புப் பூச்சுதான் பொருத்தம்.

சிமெண்ட் பூச்சுச் சுவராக இருந்தாலும், தேய்த்தால் கையில் மாவு ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் பழைய வெள்ளையை கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு பிரைமர் அடிக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் டெக்ஸ்சர் சுவரைப் பிடிக்காது, அந்த மாவைத்தான் பிடித்திருக்கும். சுத்தியல் காம்பால் தட்டும்போது டொப்பு டொப்பென்று கேட்கிற காரையை வெட்டி எடுத்துப் புதிதாகப் பூசுங்கள். புதுப் பூச்சுக்கு 28 நாள் அவகாசம் கொடுங்கள். விரிசலை 'வி' வடிவில் அகலப்படுத்தி, கிராக் ஃபில்லர் வைத்து அடையுங்கள்.

2 மி.மீ. மணல் உள்ள ரகத்தில் 30 கிலோ பக்கெட் சுமார் 110 சதுர அடிக்கு வரும். சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் பத்து சதவீதம் சேர்த்து, எல்லாம் ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். ஸ்டீல் கரணையால் மணல் கனத்துக்கு இழுத்து, ஈரம் இருக்கும்போதே பிளாஸ்டிக் கரணையால் மேலிருந்து கீழாகத் தேய்த்தால் மணல் உருண்டு கோடு விழும். நெடுக்குக் கோடே நல்லது. குறுக்குக் கோட்டில் தூசி தங்கும், மழை படும் பக்கம் பாசியும் பிடிக்கும்.

இந்தப் பூச்சின் பெரிய குறை, நேற்றைய வேலையும் இன்றைய வேலையும் சேரும் இடம் தழும்பாகத் தெரிவது. ஓரம் காய்ந்த பிறகு தொட்டால் அதை மறைக்க முடியாது. ஆகவே ஜன்னலின் மேல்மட்டம், கீழ்மட்டத்துக்கு நேராக மாஸ்கிங் டேப் ஒட்டிச் சுவரைக் கட்டம் பிரித்து, ஒரு கட்டத்தைத் தொட்டால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். டேப்பை ஈரத்திலேயே உரித்துவிடுங்கள். வெறும் சுவருக்கு அந்தக் கோடுகளே பாதி அழகு.

நன்றாகக் காய்ந்ததும் எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட். வெயில் முகத்துக்கு அடர்நிறம் வேண்டாம், சீக்கிரம் வெளுக்கும்.

தரையிலிருந்து ஓர் அடிக்கு மழைச்சேறு தெறிக்கும். டெக்ஸ்சரை அதற்கு மேல் தொடங்குங்கள். சன்ஷேடின் அடியில் நீர் சொட்டும் பள்ளம் இல்லையென்றால் முதலில் அதை வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அழுக்கு நீர் சுவரில் வழிந்து கருப்புக் கோடு போடும், அது டெக்ஸ்சரிலிருந்து லேசில் போகாது.