மின்தடையும் மின்திறனும்: எந்த வழியில் கணக்கிடுவது சரி?

ஒரு பொருளின் மின்தடையை அறிய இரண்டு வழிகள் உண்டு. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றை அளக்கும் கருவியான மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, அதன் கம்பிகளால் பொருளின் இரு முனைகளையும் தொட்டு நேரடியாகப் படிப்பது ஒன்று. பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுப்பது மற்றொன்று. மின்திறனுக்கோ மூன்று வாய்பாடுகள்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்குவது, மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்குவது, மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுப்பது. ஓம் விதியை (மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை) கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற்றுவிடலாம் என்பதால், எதைப் பயன்படுத்தினாலும் விடை மாறாது என்று பலர் எண்ணுகிறார்கள். தாளில் அது சரி. அளக்கத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது.

12 வோல்ட், 60 வாட் எனக் குறிக்கப்பட்ட வாகன முகப்பு விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது எரியும்போது 5 ஆம்பியர் ஓடுகிறது. ஆகவே அதன் மின்தடை 2.4 ஓம். விளக்கை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மல்டிமீட்டரால் அளந்தால் ஏறத்தாழ 0.2 ஓம்தான் வரும். கருவியில் பழுதில்லை. ஓம் அளவில் மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே செலுத்துகிறது. அது மின்னிழையைச் சூடாக்குவதில்லை. எரியும்போதோ டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகி, அதன் மின்தடை பன்னிரண்டு மடங்காக உயர்ந்துவிடுகிறது. குளிர்ந்த இழையின் 0.2 ஓமைக் கொண்டு 12-இன் இருமடியை வகுத்தால் 720 வாட் என்ற பொருந்தாத விடை கிடைக்கும். போதாக்குறைக்கு, மல்டிமீட்டரின் அளவிக் கம்பிகளுக்கே ஓமில் பத்தில் சில பங்கு மின்தடை இருக்கக்கூடும் என்பதால், அந்த 0.2-ஐயும் அப்படியே நம்ப முடியாது. இயங்கும் நிலையில் ஒரு பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதே கேள்வியானால், வகுத்துப் பெறும் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன். சுற்றிலிருந்து கழற்றப்பட்ட, வெப்பத்தால் பெரிதும் மாறாத சாதாரண மின்தடையாக்கிக்கு மல்டிமீட்டரே போதும்.

வகுத்துப் பெறும் வழியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். வோல்ட்மீட்டரை மின்தடையாக்கியின் முனைகளில் மட்டும் இணைத்தால், வோல்ட்மீட்டரின் வழியே செல்லும் சிறு மின்னோட்டத்தையும், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் சேர்த்துக் கணக்கிடும். அம்மீட்டரையும் மின்தடையாக்கியையும் சேர்த்து அவற்றின் குறுக்கே வோல்ட்மீட்டரை இணைத்தால், அம்மீட்டரில் ஏற்படும் மின்னழுத்த இறக்கமும் அளவோடு கலந்துவிடும். வோல்ட்மீட்டரின் உள்தடை, அதாவது கருவிக்கே உரிய மின்தடை, 1 கோடி ஓம், அம்மீட்டரின் உள்தடை 1 ஓம் எனக் கொள்வோம். 5 ஓம் மின்தடையாக்கியை இரண்டாவது முறையில் அளந்தால் 6 ஓம் எனக் கிடைக்கும். இருபது விழுக்காடு பிழை! முதல் முறையிலோ பிழை கண்ணுக்கே தெரியாது. 22 இலட்சம் ஓமுக்கு நிலைமை தலைகீழாகிறது: முதல் முறை ஏறத்தாழ 18 இலட்சம் எனக் காட்டும், இரண்டாவது முறை வெறும் 1 ஓம்தான் கூட்டிக் காட்டும். இவ்விரு கருவிகளுக்கும் எல்லைக்கோடு, உள்தடைகளின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலமான ஏறத்தாழ 3,160 ஓம். அதற்குக் கீழே முதல் முறையும், மேலே இரண்டாவது முறையும் நல்லவை.

மின்திறனைப் பொறுத்தவரை, நேர்மின்னோட்டச் சுற்றில் மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் என்ற வாய்பாடே எங்கும் செல்லும். 2 வோல்ட்டில் 20 மில்லியாம்பியர் எடுக்கும் எல்.இ.டி. ஓம் விதிக்குக் கட்டுப்படுவதில்லை. மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டினாலும் மின்னோட்டம் பன்மடங்காகப் பெருகும். எனினும் அந்தக் கணத்தில் அது எடுப்பது 40 மில்லிவாட் என்பதில் ஐயமில்லை. அதற்கு 100 ஓம் என்று ஒரு மின்தடையைக் கணக்கிட்டு, அதை வேறொரு மின்னழுத்தத்துக்கும் பயன்படுத்துவதுதான் தவறு.

கம்பியில் வீணாகும் திறனுக்கு மின்னோட்டத்தின் இருமடி வாய்பாடு மிக எளிது. போகவும் வரவும் சேர்த்து 0.4 ஓம் உள்ள கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால் 40 வாட் வெப்பமாகிறது. இதே கணக்கை மின்னழுத்தத்தின் இருமடியைக் கொண்டு செய்பவர், மின்மூலத்தின் 230 வோல்ட்டை எடுத்து 0.4-ஆல் வகுத்தால் 1,32,250 வாட் என்று வரும். வகுக்க வேண்டியது கம்பியில் இறங்கும் 4 வோல்ட்டின் இருமடியை. அப்போது அதே 40 வாட் கிடைக்கும். எந்த மின்னழுத்தம், எந்தப் பகுதியின் குறுக்கே என்ற கேள்வியை அந்த வாய்பாடு எப்போதும் எழுப்புவதால், தொடரிணைப்பில் அதைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது. பக்க இணைப்பில் எல்லாப் பகுதிகளுக்கும் மின்னழுத்தம் ஒன்றே என்பதால் அங்கே அது மிகவும் வசதியானது.

மாறுமின்னோட்ட மோட்டாரில் இந்த வேறுபாடுகள் யாவும் கூர்மையாகின்றன. 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்குப் பெருக்கற்பலன் 920. ஆனால் அது வோல்ட்-ஆம்பியரில் அமைந்த தோற்றத் திறனே. உண்மைத் திறனுக்கும் தோற்றத் திறனுக்கும் உள்ள விகிதமான திறன் காரணி 0.7 என்றால் உண்மைத் திறன் 644 வாட். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வரும் 57.5 ஓம் மின்னெதிர்ப்பே (மாறுமின்னோட்டத்துக்கு ஏற்படும் மொத்தத் தடுப்பு) அன்றி மின்தடை அன்று. சுருளின் மின்தடை 5 ஓம் எனில், மின்னோட்டத்தின் இருமடியால் கிடைக்கும் 80 வாட் சுருள் சூடாவதை மட்டுமே குறிக்கும். மோட்டார் எடுக்கும் மொத்தத் திறனை அதிலிருந்து பெற முடியாது.