ஆன்ஃபீல்டு கோப்: நின்னு பாத்த காலமா, சீட்டு போட்ட காலமா?

லிவர்பூல் ஃபுட்பால் கிளப் ஃபேன்ஸ் நாலு பேர் சேர்ந்தா, அவங்க ஆன்ஃபீல்டு மைதானத்துல ஒரு கோல் போஸ்ட்டுக்கு பின்னாடி இருக்கிற கோப்ங்கிற கேலரிய பத்தி இந்த பேச்சு வராம இருக்காது.

பழைய கோப்ல உக்கார சீட்டே கிடையாது, படிப்படியா சிமெண்ட் தரைதான், உச்சத்துல 28,000 பேர் வரைக்கும் நெருக்கியடிச்சு நிப்பாங்க, கோல் விழுந்தா கூட்டம் அலை மாதிரி கீழ இறங்கும், திரும்பி பாத்தா நீங்க வேற எங்கயோ நிப்பீங்க. டிக்கெட்டும் சாதாரண வேலைக்கு போறவங்களுக்கு கட்டுப்படியாகும். கடைசியா அப்படி நின்னு பாத்தது 1994 ஏப்ரல் 30, நார்விச் கூட, 1-0 தோத்துட்டாங்க.

இப்போ சுமார் 12,000 சீட்டு, அவ்ளோதான். சத்தம் இன்னும் இருக்கு, ஆனா அந்த அலை இல்ல.

ஆனா பழசுதான் பெஸ்ட்னு என்னால சொல்ல முடியல. 1989ல ஷெஃபீல்டு ஹில்ஸ்பரோ மைதானத்துல நடந்த நெரிசல்ல 97 லிவர்பூல் ரசிகர்கள் செத்துப்போனாங்க, மேட்ச் பாக்க போன புள்ளைங்க வீடு திரும்பல. அத விசாரிச்ச நீதிபதி டெய்லரோட அறிக்கைதான் எல்லாருக்கும் சீட்டு போட சொல்லிச்சு. தப்பு ரசிகர்கள் மேல இல்ல, போலீஸ் கூட்டத்த கையாண்ட விதத்துலன்னு மரண விசாரணை ஜூரி தீர்ப்பு சொல்ல 2016 வரைக்கும் ஆச்சு, அத நினைச்சா இன்னும் நெஞ்சு கொதிக்குது.

புதுசுல எனக்கு பிடிக்காதது விலைதான். 2016ல 77 பவுண்டு டிக்கெட்னு அறிவிச்சதும், 77வது நிமிஷத்துல ஆயிரக்கணக்கான பேர் எந்திரிச்சு வெளிய போனாங்க, நிர்வாகம் பின்வாங்கிடுச்சு.

2021ல கோப்ல கம்பி வச்ச 'ரெயில் சீட்டு' வந்துச்சு, எந்திரிச்சு நின்னாலும் முன்னாடி இருக்கிற கம்பி கீழ விழாம தடுக்கும். என் ஓட்டு அதுக்குத்தான்.