கேரவன் விரிசலுக்கு மேல்பூச்சு: பழுதுபார்ப்பு என்ற பெயரில் நடந்த ஏமாற்று

இங்கிலாந்தில் காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சிறிய கேரவன் வைத்திருப்பவர்களுக்கும், பழையது ஒன்றை வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. வண்டியின் வெளிப்புறப் பிளாஸ்டிக்கில் விழுந்த விரிசலைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி, வீட்டு வாசலுக்கே வந்து வேலை பார்க்கும் ஒருவரிடம் கொடுத்த பணி, விரிசலைவிடப் பெரிய சேதத்தில் போய் முடிந்திருக்கிறது. பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சி இன்னும் முடியாததால் அவர் யார் என்பதை இங்கே எழுதவில்லை. அவர் செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் அதே விதத்தில் வேலை செய்யும் வேறு எவரையும் நீங்கள் அடையாளம் காண முடியும் என்பதால், அதை மட்டும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது இரண்டு பேர் படுத்துறங்கப் போதுமான, ஒற்றைச் சக்கர அச்சில் ஓடும் பழைய வண்டி. பக்கச் சுவர்கள் மெல்லிய அலுமினியத் தகடு. முன்புறமும் பின்புறமும் வார்ப்பு அச்சில் வடித்த, ஏபிஎஸ் (ABS) என்ற வகைப் பிளாஸ்டிக் பலகைகள். பின்பலகையில் சிவப்பு விளக்குக் கூட்டின் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, வண்டியைக் கையால் தள்ளி நிறுத்தப் பயன்படும் கைப்பிடிவரை ஓடியிருந்தது. இந்த இரண்டு இடங்களும் கேரவன்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பலவீனமான இடங்கள்தான். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்சி வடிவம் கொடுக்கும்போது மூலைகளில் அது இழுபட்டு மெலிந்துவிடுகிறது. போதாக்குறைக்குக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும் பாரமும் அங்கேயே விழுகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள், ஏபிஎஸ்ஸுக்கு நெகிழ்வு தரும் பியூட்டாடையீன் பகுதியை ஆண்டுக்கணக்கில் அரித்து, அதை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்து விடுகின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வெப்பத்தால் வரும் நீட்சி. இரண்டு மீட்டர் அகலமுள்ள ஏபிஎஸ் பலகை, பனி உறையும் குளிர்கால இரவுக்கும் நேர்வெயில் அடிக்கும் கோடைப் பகலுக்கும் இடையே 50 டிகிரி வேறுபாட்டைச் சந்தித்தால், சுமார் 8 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அதே அகலமுள்ள அலுமினியம் 2 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே இந்தப் பலகை அசைவதற்கு இடம் விட்டுத்தான் பொருத்தப்பட வேண்டும். இதை அறிந்தவர் செய்யும் பழுதுபார்ப்பும் அறியாதவர் அல்லது அறிந்தே மறைப்பவர் செய்யும் பழுதுபார்ப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஏமாற்று அங்கேதான் ஒளிந்துகொள்கிறது.

அந்த மனிதர் ‘பிளாஸ்டிக் வெல்டிங்’ (பிளாஸ்டிக்கை உருக்கி இணைப்பது) தம்முடைய சிறப்புத் தொழில் என்று விளம்பரம் செய்திருந்தார். புகைப்படங்களை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். விரிசலின் பின்புறத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, முன்புறம் தெரிந்தால் போதும் என்றார். 480 பவுண்ட் கேட்டார். அதில் ஒரு பகுதியை முன்பணமாகக் கடன் அட்டையில் கட்டினேன். மீதியை ரொக்கமாகத் தந்தால் தமக்கு வசதி என்று அவர் சொன்னபோது மறுத்து, வங்கி வழியாகவே அனுப்பினேன். அவர் தந்த ரசீதில் ‘பின்பலகை பழுதுபார்ப்பு’ என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. எந்த ஒட்டுப்பசை, எந்தப் பூச்சு, எவ்வளவு கால உத்தரவாதம் என்பதையெல்லாம் எழுதித் தரும்படி கேட்டேன். விரிவான ரசீது மின்னஞ்சலில் வரும் என்றார்; அது இன்றுவரை வரவில்லை.

வேலை ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிட்டது. பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விரிசல் போன இடமே தெரியவில்லை. வெள்ளைப் பூச்சு பழைய பலகையின் நிறத்தோடு ஒத்துப்போயிருந்தது. கைப்பிடியைச் சுற்றி முன்பு இல்லாத சில திருகாணிகள் இருந்ததைக் கவனித்து, ஏன் என்று கேட்டேன். பலகை இனிமேல் ஆடாமல் இருக்க அவைதான் உறுதி என்று பெருமையாகச் சொன்னார். ஆடாமல் இறுக்கியதுதான் பிறகு அதை உடைத்தது.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பழைய விரிசலின் பாதையிலேயே மயிரிழைபோல ஒரு கோடு தெரியத் தொடங்கியது. பிறகு பூச்சு செதில் செதிலாக உரிந்தது. அவர் போட்ட புதிய திருகாணி ஒன்றிலிருந்து முன்பு இல்லாத இன்னொரு விரிசல் கீழ்நோக்கி ஓடியது. இவை கண்ணுக்குத் தெரிந்தவை. உள்ளே, பின்மூலையில் இருக்கும் இருக்கைப் பெட்டியைத் திறந்தபோது ஓதத்தின் வாடை அடித்தது. சுவரொட்டுத் தாளில் பழுப்பு நிறத்தில் நீர்க்கறை இறங்கியிருந்தது. ஆண்டுப் பராமரிப்புக்காக வண்டியைக் கொண்டுபோன பட்டறையில் ஈரமானியை வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கருவியில் 15 சதவீதம்வரை கவலைப்பட ஒன்றுமில்லை. 20ஐத் தாண்டினால் எங்கிருந்து நீர் வருகிறது என்று தேட வேண்டும். 30ஐ நெருங்கினால் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டமே கெட்டிருக்கும் என்று அஞ்ச வேண்டும். முந்தைய ஆண்டு அறிக்கையில் அதே மூலை பாதுகாப்பான அளவில் இருந்தது. இப்போது அது 30ஐத் தாண்டியிருந்தது.

பட்டறைக்காரர் விளக்குக் கூட்டைக் கழற்றி, கைப்பிடியையும் எடுத்துவிட்டு உள்ளே காட்டியபோதுதான் முழு வேலையும் தெரிந்தது. வெல்டிங் என்று எதுவுமே நடக்கவில்லை. கார் டிங்கரிங் கடைகளில் தகரத்தின் பள்ளத்தை நிரப்பப் போடும் பாலியஸ்டர் பட்டியை விரிசலுக்குள் முன்பக்கத்திலிருந்து அழுத்தி, உப்புத்தாளால் தேய்த்து, டப்பாவில் வரும் தெளிப்பு வண்ணத்தை அடித்திருந்தார். விரிசலின் முனையில் அது மேலும் ஓடாமல் தடுக்கும் சிறு துளை இல்லை. பின்புறத்தில் தாங்கு பலகை இல்லை. அதற்குப் பதிலாக, நீர்க்கசிவை அடைக்கும் சிலிகோன் சீலன்டைக் கை நிறைய அள்ளி அப்பியிருந்தார். புதிய திருகாணிகள் பிளாஸ்டிக்கை ஊடுருவி மரச்சட்டத்துக்குள்ளேயே ஏறியிருந்தன.

இவை ஒவ்வொன்றும் ஏன் தவறு என்பதைச் சொல்லியாக வேண்டும். பாலியஸ்டர் பட்டி காய்ந்தபின் கல்லைப்போல விறைத்துவிடும். ஏபிஎஸ்ஸோ குளிருக்கும் வெயிலுக்கும் நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையிலான பிடிப்பு ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாங்காது. பல சிலிகோன் சீலன்டுகள் உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. அந்தப் புளித்த காடி வாடையை நீங்களும் முகர்ந்திருப்பீர்கள். உள்ளழுத்தம் (வார்க்கும்போது உள்ளே தங்கிவிடும் இறுக்கம்) மிகுந்த ஏபிஎஸ்ஸைச் செறிந்த அசெட்டிக் அமிலத்தில் முக்கினால் அது விரிசல் விடும். தொழிற்சாலைகளில் வார்ப்பின் உள்ளழுத்தத்தைச் சோதிக்கவே இந்த முறை பயன்படுகிறது. சீலன்டிலிருந்து வரும் அளவு அதைவிட மிகக் குறைவுதான் என்றாலும், ஏற்கெனவே விரிசல் கண்ட பிளாஸ்டிக்கின் பின்னால் அதை அப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை. மேலும் சிலிகோன் பட்ட இடத்தில் பின்னர் எந்தப் பசையும் எந்தப் பூச்சும் ஒட்டாது என்பதால், உண்மையான பழுதுபார்ப்புக்கு முன் அதைச் சுரண்டி எடுப்பதே ஒரு தனி வேலையாகிவிடுகிறது. மரத்தில் ஏற்றிய திருகாணிகள் பலகையின் அசைவை நிறுத்தி அதைப் பிளந்தன. அவற்றின் துளைகள் வழியாகவே மழைநீர் சட்டத்துக்குள் போனது. விரிசல் திறந்திருந்தபோது வெளியிலிருந்து நாடா ஒட்டி மூடி வைத்திருந்தேன், உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. மேல்பூச்சுக்குப் பிறகுதான் மரச்சட்டம் நனைந்தது.

தொலைபேசியில் அழைத்தபோது அந்த மனிதர் முதலில், வண்டியை இழுத்துச் சென்ற அதிர்வால் இப்படி ஆகியிருக்கும் என்றார். குளிர்காலம் முழுவதும் அது நிறுத்தப்பட்டிருந்தது என்றதும், இது வேறு விரிசல், தாம் பார்த்த விரிசல் அல்ல என்றார். படங்களை அருகருகே வைத்து அனுப்பியபின், மறுபடி வந்து பார்க்கத் தயார், ஆனால் கூலி தனி என்று எழுதினார். கடைசியில் பதிலே இல்லை. கேரவன் என்றால் விரிசல் விழத்தான் செய்யும் என்று அவர் நடுவில் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. விழத்தான் செய்யும், அதற்காகத்தானே அவரைக் கூப்பிட்டது.

சரியான வேலை எப்படி நடந்தது என்பதை இரண்டாவது பட்டறையில் நின்று பார்த்தேன். முதலில் அவர்கள் பலகையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த பொருள் குறியீட்டைத் தேடி, அது ஏபிஎஸ்தான் என்று உறுதி செய்தார்கள். குறியீடு இல்லாத பலகைகளில், மறைவான ஓர் ஓரத்தில் அசிட்டோன் என்ற கரைப்பானில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்களாம். ஏபிஎஸ் இளகிப் பிசுபிசுக்கும். கண்ணாடி இழைப் பலகையும் பாலிப்புரோப்பிலீனும் அப்படி ஆகாது. சிலிகோனை முழுவதும் சுரண்டி, துடைத்து, பலகையை உலரவிட்டபின், விரிசலின் இரு முனைகளிலும் சுமார் 3 மில்லிமீட்டர் துளை போட்டார்கள். விரிசலை ஆங்கில ‘வி’ வடிவில் கீறி அகலப்படுத்தி, பின்புறத்தில் அதே ஏபிஎஸ்ஸில் வெட்டிய துண்டை, பிளாஸ்டிக்கை இறுக ஒட்டும் மெத்தாக்ரிலேட் பசையால் ஒட்டினார்கள். முன்புறக் கீறலை, ஏபிஎஸ் சில்லுகளை அசிட்டோனில் கரைத்த குழம்பால் மெல்லிய அடுக்குகளாக நிரப்பினார்கள். கரைப்பான் ஆவியாகும்போது குழம்பு சுருங்குவதால் ஒவ்வோர் அடுக்கும் நன்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே பிற்பகலில் இது முடியவே முடியாது. அதற்குமேல்தான் பிளாஸ்டிக்குக்கான பிரைமரும் (அடிப்பூச்சும்) நெகிழ்வுப் பொருள் கலந்த வண்ணமும் வந்தன. திருகாணித் துளைகளைப் பெரிதாக்கி, அகன்ற வாஷர் வைத்து, நெகிழ்வான, நீர் புகாத பியூட்டைல் நாடாவால் அடைத்தார்கள். நனைந்த சட்டத்தை மாற்றும் செலவு இவை எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

ஆகவே வேலையைக் கொடுக்குமுன் எதைக் கேட்பது என்றால், பலகை எந்தப் பிளாஸ்டிக் என்பதை எப்படி அறிவீர்கள், பின்புறத்தை எப்படி அடைவீர்கள், அங்கே எதை வைத்துத் தாங்குவீர்கள் என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்வார். சில இடங்களில் பின்புறத்தை அடையவே முடியாது, மாற்றுப் பலகை போடுவதே நல்லது என்றும் சொல்வார். பழைய மாதிரிகளுக்கு நிறுவனத்தின் பலகை கிடைக்காதபோது, கண்ணாடி இழையில் நகல் வார்த்துத் தருபவர்கள் இந்நாட்டில் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்தே விலையும் சொல்லி, அன்றே முடித்துத் தருவேன் என்பவரை அனுப்பிவிடலாம்.

சட்டம் பற்றியும் சொல்கிறேன். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். இல்லையென்றால் கூடுதல் கட்டணமின்றி மீண்டும் சரியாகச் செய்யும்படி கேட்கலாம், அது நடக்காவிட்டால் கொடுத்த தொகையில் குறைப்புக் கோரலாம். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இன்னும் பயனுள்ளது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட்வரை விலையுள்ள ஒன்றுக்கு முன்பணத்தை மட்டும் கடன் அட்டையில் கட்டியிருந்தாலும், முழு ஒப்பந்தத்துக்கும் அட்டை நிறுவனம் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். அதன்படிதான் விண்ணப்பித்திருக்கிறேன். சுயேச்சையான ஒருவரின் தொழில்நுட்ப அறிக்கை வேண்டும் என்றார்கள். பட்டறைக்காரரின் அறிக்கையையும், முந்தைய ஆண்டின் ஈர அளவு அறிக்கையையும் சேர்த்து அனுப்பினேன். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். நேரடியாக அந்த மனிதர்மேல் வழக்குத் தொடுப்பதென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட்வரையிலான கோரிக்கைகள் பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவிலேயே கேட்கப்படுகின்றன. அதையும் தயாராக வைத்திருக்கிறேன்.

அண்மையில் இப்படியொரு பழுதுபார்ப்பு செய்தவர்கள், மழைக்காலம் வருமுன் விளக்குக் கூட்டைக் கழற்றி, கைவிளக்கை அடித்துப் பின்புறத்தைப் பாருங்கள். தாங்கு துண்டு இல்லாமல் சிலிகோன் மட்டும் அப்பியிருந்தாலோ, திருகாணிகள் பலகையைத் துளைத்து மரத்தில் ஏறியிருந்தாலோ, எதையும் சுரண்டாமல் முதலில் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஒரு பட்டறையில் ஈர அளவைக் குறித்து, தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கும்போது ஆதாரமாக நிற்பவை அந்த இரண்டும்தான்.